கோமாரி ஊசிப் பெட்டியில் வந்த சீஸ்

ஏம்பலம்
15.7.2025

பேரன்புக்கும் பெரும் மதிப்பெண்ணுக்கும் உரிய சரண்யா அக்காவுக்கு,

ஏம்பலம் சாமிநாதன் இல்லத்திலிருந்து ஒரு முக்கிய அறிவிப்பு. நமது வீட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், தோசை மாவுத் தூக்குக்கும் மாட்டுக்கு வாங்கி வைத்த கால்சியம் பாட்டிலுக்கும் இடைப்பட்ட இடத்தில், இன்று மாலை சீஸ் எனப்படும் சீமைச் சரக்கு எழுந்தருளியது. நம் பரம்பரையிலேயே இது முதல்முறை. அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, தொவைக்கற சோப்பா?" என்று வரவேற்புரை ஆற்றினாள். விழா இனிதே நிறைவுற்றது.

உங்கள் விடுதியில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால், என் வகுப்பிலேயே தபால்தலை ஒட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நீ பதில் எழுதும்போது என் கூட்டாளி பாக்யராஜ் வீட்டு முகவரிக்கே எழுது. நம் வீட்டுக்கு வந்தால் அப்பா கையில்தான் முதலில் கிடைக்கும். பாக்யராஜ் நம்பத் தகுந்தவன். பிரித்துப் படிக்க மாட்டான். அவனுக்குப் படிப்பதே பிடிக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தோமே, நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்றை எல்லோருக்கும் கேட்கும்படி: "சீஸ் போட்ட தோசை துன்னணும்போல இருக்குதும்மா." இன்னொன்றைக் கை கழுவும் குழாயடியில், எனக்கு மட்டும்: "அரி, என்னால இங்க முடியலடா. இன்னொரு வருஷம் இந்த நீட் பரீட்சைக்குப் படிக்க முடியாது. எனக்கு டாக்டர் வேணாம். பி.எஸ்சி. கணக்குல சேந்துடறன். அப்பாகிட்ட நீ சொல்றியா?"

சொல்கிறேன் என்றேன். இரண்டுக்கும் நானே பொறுப்பு.

முதல் பொறுப்பு: வில்லியனூர் மார்க்கெட்டைத் தாண்டிப் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கிறார்கள். உள்ளே போனால் மார்கழி. சீஸ் இரண்டு ஜாதி இருந்தது. ஒன்று கண்ணாடிக் கதவுக்குள், கலெக்டர் மாதிரி. இன்னொன்று வாசலிலேயே கூடையில், 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று அட்டை மாட்டிக்கொண்டு. இரண்டும் மஞ்சள், இரண்டும் கட்டி. கலெக்டருக்கு எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கூடைக்காரரைக் கூட்டி வந்தேன்.

சோதனைத் தோசை ஒன்று சுட்டேன். தோசை கருகியது. சீஸ் கருகவில்லை, உருகவில்லை, வைத்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. மெல்லும்போது கீச்சென்று சத்தம் வேறு. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டலாம். ஒரு மாதம் இருக்கிறதே, அடுத்த முறை பார்க்க வருவதற்குள் அதை உருக்கும் வித்தையைக் கண்டுபிடித்துவிடுவேன்.

இரண்டாவது பொறுப்பைப் பற்றிக் கவலையே படாதே. தலைமையாசிரியர் குரலில் பள்ளிக்கூட மைக்கில் அரைநாள் விடுமுறை விட்டவன் நான். எட்டாம் வகுப்பு மொத்தமும் வீட்டுக்கே போய்விட்டது. நான் வாயைத் திறந்தால் கல்லும் கரையும். அப்பா எம்மாத்திரம்? இந்த வாரத்துக்குள் முடிந்தது என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் ஒரே வழக்கறிஞர்,
அரிகரன்


நாமக்கல்
20.7.2025

அன்புள்ள அரிக்கு,

அம்மா சோப்பா என்று கேட்ட இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் ஜோஸ்பின் திடுக்கிட்டு எழுந்து, "இன்னாடி ஆச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே யாராவது சிரித்தால் பயந்துவிடுகிறார்கள். அழுதால் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். பழகிவிட்டது.

சீஸைப் பற்றி எனக்கு அவசரம் இல்லை. மலிவானதே போதும். தோசை துன்னணும் என்று சொன்னதே, எல்லோர் எதிரிலும் ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகத்தான். நான் கேட்டது குழாயடியில் கேட்டது மட்டும்.

ஏன் நானே சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் ஐந்து நிமிடம் தருகிறார்கள். ஸ்பீக்கரில், வார்டன் பக்கத்திலேயே நிற்க. அப்பா எடுத்ததுமே, "டாக்டரம்மா, சாப்டியா?" என்கிறார். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வருவதில்லை. கடிதம் எழுதிப் பார்த்தேன். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று போட்டுவிட்டு, மாடு எப்படி இருக்கிறது, கரும்புக்குத் தண்ணீர் வந்ததா என்று விசாரித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

அவர் திட்டுகிற ஆளாக இருந்திருந்தால் போன வருஷமே சொல்லியிருப்பேன்டா. ரிசல்ட் வந்த அன்று என்ன செய்தார், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் மாடு கன்று போட்டதைப் பற்றியே சாயந்தரம் வரை பேசிக்கொண்டிருந்தார். நான் அழாமல் இருக்கட்டும் என்று. அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சொல்வது?

உயிரியல் தேர்வுத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் கொடுக்காத கணக்கு, யாரும் திருத்தாத விடை. அந்தப் பத்து நிமிடம்தான் நான் இங்கே நன்றாக இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் சேர ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை கடைசி நாள். என் சான்றிதழ்கள் அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அப்பா வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுதியிலிருந்து வெளியே விடுவார்கள். அதற்கு முதலில் அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

சொல்லிவிடு, அரி.

சரண்யா


ஏம்பலம்
27.7.2025

அக்கா,

முதலில் நல்ல செய்தி. அப்பாவிடம் இரண்டு முறை பேச்சை எடுத்துவிட்டேன். முழுசாகப் போட்டு உடைக்கவில்லை. ஆனால் மண் நல்ல பதத்தில் இருக்கிறது, விதைப்பதுதான் பாக்கி. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்து, சோகச் செய்தி. கூடைக்காரச் சீஸ் காலமானது.

முந்தாநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அம்மா அதை எடுத்துத் துருவி, வெல்லம் தட்டிப் போட்டு, ஏலக்காய் நசுக்கி, இட்லிப் பானையில் ஆவிக்கு வைத்துவிட்டாள். "கட்டிப்போன பால்தானடா? சீம்பால் மாதிரி அவிச்சா மெதுவாயிடப் போவுது." கன்று போட்ட மாட்டின் முதல் பாலுக்கு என்ன மரியாதையோ, அதை அப்படியே செய்துவிட்டாள். மூடியைத் திறந்தால் மேலே விளக்கெண்ணெய் மாதிரி ஒரு குளம். குளத்துக்கு நடுவில் கட்டி, குளிக்க வந்த எருமை போல அப்படியே உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலி கேனோடு உள்ளே வந்தார். எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார். மோந்து பார்த்தார்.

"கஸ்தூரி, இது பாலுல வந்த கொழுப்பு இல்ல. இருந்தா நெய் வாசன அடிக்கும். எவன் குடுத்தான் இத?"

அம்மா என்னைக் கைகாட்டினாள். பெற்ற தாய்! அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டை விளக்கடிக்குக் கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படித்தார். "பாமாயிலு. மாவு. உப்பு. கலரு." புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"பாலு எங்கடா?"

"இலவசமா குடுத்தாம் பாருப்பா இன்னொண்ணு, அதுல இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே. சொசைட்டியில் கருவியை விட்டுப் பார்த்து, பால் தண்ணியாக இருக்கிறது என்று எவனோ சொன்னதற்கு, இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்திருந்த மனுஷன். பால்கட்டியில் கட்டி மட்டும் இருக்கிறது, பால் இல்லை என்றால் எப்படிச் சிரிப்பார்? பாக்கெட்டை என் முன்னால் நீட்டினார்.

"இதயாடா என் பொண்ணுக்கு எடுத்தும் போவப் பாத்த? டாக்டரம்மாவுக்கு?"

அந்த 'டாக்டரம்மா'வில் என் வாய் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. பேச அது நல்ல நேரம் இல்லை என்று நானே முடிவெடுத்தேன். தந்திரம்.

அப்பா அவ்வளவையும் கழுநீர்த் தொட்டியில் கொட்டினார். மாடு மோந்து பார்த்தது. பிறகு அப்பாவை ஒரு பார்வை பார்த்தது பார், அது சொசைட்டிக்காரன் பார்வையைவிட மோசம்.

இலவசப் பாக்கெட் இன்னும் இருக்கிறது. கால்சியம் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அரி


நாமக்கல்
4.8.2025

அரி,

நேற்று போனில் அப்பா பேசினார். நீ பேச்சை எடுத்திருந்தால் அவர் குரலில் ஏதாவது ஒன்று இருந்திருக்கும். எதுவும் இல்லை. ஐந்து நிமிடமும் பாமாயிலைப் பற்றிப் பேசினார்.

பதம், தந்திரம் எல்லாம் எனக்கு எழுதாதே. உன் கடிதத்தை ஜோஸ்பினும் நானும் சேர்ந்து படித்துச் சிரிக்கிறோம். அவள் தூங்கிய பிறகு, அதில் நான் தேடுகிற ஒரு வரி இருக்கிறதா என்று நான் மட்டும் மறுபடி பார்க்கிறேன்.

போன வாரத் தேர்வில் மார்க் குறைந்ததற்குக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தமே வரவில்லை. வராததுதான் பயமாக இருக்கிறது.

சரி, இப்படிச் செய்வோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் தேதி, நீங்கள் வருவீர்கள். நானே சொல்லிக்கொள்கிறேன். நீ ஆரம்பித்து மட்டும் வை. அதுகூட என்ன சொல்ல வேண்டும் என்று எழுதித் தருகிறேன்: "அப்பா, அக்கா ஒண்ணு சொல்லணுமாம்." நாலே வார்த்தை. அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும். மிச்சத்தை நான் எப்படியாவது சொல்லிவிடுவேன்.

நாலு வார்த்தை, அரி. ஊருக்கே லீவு விட்ட வாய்.

சரண்யா


நாமக்கல்
11.8.2025

அரி,

நேற்று நடந்தது உனக்கும் தெரியும், நீயும்தான் இருந்தாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன். எழுதாமல் படிக்க உட்கார முடியவில்லை.

மாட்டைப் பார்த்துக்கொள்ள அம்மா ஊரிலேயே இருந்துவிட்டாள் என்று வார்டன் சொன்னபோது, அப்பா மட்டும்தான், சுலபம் என்று நினைத்தேன். பிறகு கேட்டுக்குள் அப்பா அந்த நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மேலே 'கோமாரித் தடுப்பூசி' என்று பெரிதாக எழுதியிருந்தது. வார்டன், "இங்க யாருக்குங்க ஊசி?" என்றார்கள். அப்பா, "மாட்டு டாக்டர்கிட்ட இரவல் வாங்கனதுங்கம்மா. பஸ்ல உருகிடக் கூடாது பாருங்க" என்றார். திறந்தால் ஐஸ்கட்டிக்கு நடுவில் சீஸ்.

நீ என் காதில் சொன்னாயே, அவரே வில்லியனூர் போனார் என்று. வேட்டியை மாற்றிக்கொண்டு, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, கடையில் வேலை செய்யும் பெண்ணை ஒவ்வொரு பாக்கெட்டாகப் படிக்கச் சொல்லி, 'பால்' என்ற வார்த்தை முதலில் வருகிற பாக்கெட்டை எடுத்து வந்தார் என்று. பாக்கெட்டில் விலை ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டியிருந்தார். அதை நீ கவனித்தாயா? நான் கவனித்தேன்.

மெஸ் அக்கா மணியம்மாளிடம் அடுப்பைக் கேட்டு வாங்கி, வாழ்க்கையில் ஒரு வெந்நீர்கூட வைக்காத மனுஷன் எனக்குத் தோசை ஊற்றினார். வட்டமே இல்லை. அதன்மேல் சீஸைத் துருவிப் போட்டுவிட்டு, "உருகுது பாரு. உருகுது பாரு, டாக்டரம்மா" என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். உருகியது. இழுத்தால் நூலாக வந்தது.

கலெக்டர் சீஸுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகுமா என்று முதல் கடிதத்தில் விளையாட்டாகக் கேட்டிருந்தாய் அல்லவா? தகும்டா. அவ்வளவு நன்றாக இருந்தது. உப்பும் பாலுமாக, தொண்டையில் மெதுவாக இறங்கியது. நீ அந்தக் கூடைச் சீஸைக் கொண்டுவந்திருந்தால், ஒரு வாய் மென்று துப்பிவிட்டு, அந்தக் கோபத்திலேயே சொல்லியிருப்பேன். இதை வாயில் வைத்துக்கொண்டு, அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு இங்கே வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

அதனால் உன்னைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். எழுந்து நின்றாய். "அப்பா, அக்கா..." என்று ஆரம்பித்தாய். அப்பா கரண்டியோடு திரும்பினார்.

"...அக்காவுக்கு இன்னொரு தோசை வேணுமாம்" என்றாய்.

இன்னொன்று ஊற்றினார். அதையும் சாப்பிட்டேன்.

திட்டுவதற்காக எழுதவில்லை. நான் மட்டும் என்ன கிழித்தேன்? கிளம்பும்போது பின்னால் திரும்பி, பஸ்ஸில் சொல்லிவிடுகிறேன் என்று சைகை காட்டினாய். ஏம்பலம் போய்ச் சேர எவ்வளவு நேரம் இருக்கிறது, நீயும் அவரும் மட்டும், பக்கத்துப் பக்கத்து சீட்டில். நேற்று முழுக்க நான் அந்த பஸ்ஸிலேயே இருந்தேன். சேலம் வந்திருக்கும், கள்ளக்குறிச்சி வந்திருக்கும், இந்நேரம் சொல்லியிருப்பான் என்று.

சொன்னாயா?

உடனே எழுது. இருபத்திரண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

சரண்யா


ஏம்பலம்
19.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் தாமதமானதற்கு நிர்வாகம் வருந்துகிறது. பாக்யராஜ் உன் கடிதத்தை வியாழக்கிழமையே கொடுத்துவிட்டான். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஐந்து நாள் அலைந்தேன். நாலு முறை எழுதி, நாலையும் கப்பல் செய்து வாய்க்காலில் விட்டேன். கடற்படை கிளம்பிவிட்டது, கடிதம்தான் கிளம்பவில்லை.

பஸ் விஷயம். நாமக்கல்லில் ஏறி உட்கார்ந்ததுமே அப்பா தூங்கிவிட்டார். அந்த நீலப் பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் தலை சாய்த்து. விழுப்புரத்தில் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. தூங்குகிறவரை எழுப்பி எப்படிச் சொல்வது? நீயே சொல்.

ஊருக்கு வந்தால் அப்பா ஆளே மாறிவிட்டார். அந்த சீஸ் உறையைத் துடைத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்திருக்கிறார். சொசைட்டியில் பால் ஊற்ற வருகிற எல்லோருக்கும் அதைப் பிரித்துக் காட்டுகிறார். "பாரு, மொதல் வார்த்தையே பாலு. எம் பொண்ணு ரெண்டு தோச துன்னா." குழந்தைவேல் மாமா, "அந்த வெலைக்கு ஒரு கன்னுக்குட்டியே வாங்கலாமே சாமிநாதா" என்றார். அப்பா, "துன்னும்போது அவ மூஞ்சிய நீ பாக்கல" என்றார். நான் பின்னால் கேனோடு நின்றுகொண்டிருந்தேன். உன் மூஞ்சியை நானும்தான் பார்த்தேன்.

கால்சியம் பாட்டிலுக்குப் பின்னால் இருந்த இலவசப் பாக்கெட்டை இப்போது நான்தான் தின்றுகொண்டிருக்கிறேன். தினம் ஒரு துண்டு. தூக்கிப் போட்டால் அப்பா பார்த்துவிடுவார். கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. நல்லதைத் தின்ன பிறகு இதைத் தின்பது தனி தண்டனை. அந்த நல்ல சீஸில் நீ எனக்கும் ஒரு வாய் பிட்டுக் கொடுத்தாயே, அதனால் வித்தியாசம் தெரிந்துபோய்விட்டது.

மாட்டுக்கு முன்னால் நின்று நாலு வார்த்தையையும் சொல்லிப் பார்க்கிறேன். பிசிறில்லாமல் வருகிறது. தலைமையாசிரியர் குரலில் இன்னும் கம்பீரமாக வருகிறது. அப்பா கொட்டகைக்குள் வந்தால், "தீவனம் போட்டுட்டன்பா" என்று வருகிறது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை ஆகியிருக்கும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். அதனால் இனிமேல் உன்னிடம் புளுகுவதில் லாபம் எதுவும் இல்லை.

இரண்டு முறை பேச்சை எடுத்தேன் என்று எழுதினேனே, எடுக்கவில்லை. ஒருமுறைகூட. பால்காரர் மகன் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். எட்டாம் வகுப்புக்கு லீவு விட்டது நிஜம். ஆனால் அது மைக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வேறொருவர் குரலில்.

இன்னொன்று. மேலே, அப்பா பஸ்ஸில் தூங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அதை அடிக்கப் போனேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவர் தூங்கவில்லை, அக்கா. ஆத்தூர் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் பெட்டியைத் தட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"அரி, அவளுக்கு அந்த எடம் புடிச்சிருக்குதாடா? இளச்ச மாதிரி இருக்குது. உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா? நெசத்தச் சொல்லு."

அவரே கேட்டார். கல்லே வந்து, என்னைக் கரை என்று நின்றது. கண்டக்டர்கூட அந்த நேரம் பார்த்து விசில் ஊதவில்லை.

"புடிச்சிருக்குதுபா," என்றேன். "ஒண்ணும் சொல்லல."

அரி